கைநாட்டும் பட்டமும்

கல்விக்குக் கரையில்லை என்பர் பெரியோர். கற்பவருடைய காலத்துக்கும் கைப்பொருளுக்கும் கரை உண்டு என்பதைச் சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்துவோர் நன்கு அறிவர். பகலில் விசாரணை, இரவில் ரோந்து, இடையில் நீதிமன்றம் என்று அலையும் போலீஸ் அதிகாரி ஒருவர், பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் மாணவராக விரும்பினால், படிக்கலாமா என்பது அவருக்குச் சிறிய கேள்வி. எதைப் படிப்பது என்பதே பெரிய கேள்வி.

கெடா மாநிலத்தில், பால்மரங்களை அழித்துச் செம்பனை நட்டுவிட்ட தோட்டம் ஒன்றுக்கு அருகில் மலிவு விலை வீடுகளாலான குடியிருப்பு ஒன்று உள்ளது. அங்கே ஒரு வீட்டில், விடுமுறையில் வந்திருந்த முப்பத்தைந்து வயது இன்ஸ்பெக்டர் ஒருவர் நான்கு பல்கலைக்கழகக் கையேடுகளை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டிருந்தார். எதிரே அவருடைய சித்தப்பா அமர்ந்திருந்தார். 1976-இல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி, சார்ஜனாக ஓய்வுபெற்றவர் அவர். அண்ணன் மறைந்தபின் அந்தக் குடும்பத்தில் எந்த முடிவும் அவரைக் கேளாமல் எடுக்கப்படுவதில்லை.

"தம்பி, மேல்படிப்பு படிச்சா தோள்ல நட்சத்திரம் தானா வந்து ஒட்டிக்காது. அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் படி" என்றார் பெரியவர்.

அவர் கூற்றில் பொய்யில்லை. படையில் பதவி உயர்வு என்பது பணிக்காலம், துறைத் தேர்வு, மேலதிகாரியின் மதிப்பீடு, காலி இடம் ஆகிய பலவற்றைச் சார்ந்தது. முதுகலைப் பட்டம் அவற்றுள் ஒன்றுக்குத் துணை நிற்கலாம், எல்லாவற்றுக்கும் மாற்றாகிவிடாது. கடன் வாங்கிப் படித்துவிட்டு, நட்சத்திரம் வரவில்லையே என்று மனம் கசந்தவர்கள் காவல்துறையில் மட்டுமல்லர், ஆசிரியர் தொழிலிலும் உளர்.

இன்ஸ்பெக்டரின் முதற்பட்டமே உறவினருக்கு ஒரு வேடிக்கை. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, எஸ்.டி.பி.எம். தேறி, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் பட்டம் பெற்றவர் அவர். 1956-இல் தோன்றிய அத்துறை நாட்டுக்குத் தமிழாசிரியர்களையும் எழுத்தாளர்களையும் வழங்கியது. அங்கிருந்து ஒருவர் போலீஸ் படைக்குப் போனதை, வழிதவறிப் போனதாகவே பலரும் எண்ணினர். ஆனால் படையில் அதிகாரியாகச் சேர இன்ன பாடத்தில்தான் பட்டம் வேண்டும் என்று பொதுவாக யாரும் கேட்பதில்லை. அங்கீகாரம் பெற்ற பட்டமும், எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியில் கிரெடிட்டும், உயரமும், நிறங்களைப் பிரித்தறியும் கண்ணும் இருந்தால் வாயிலருகே நிற்கலாம். இந்தியாவிலும் அவ்வாறே, எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் ஐ.பி.எஸ். பணிக்குரிய தேர்வை எழுதலாம். 1972-இல் அப்பணியில் சேர்ந்த முதல் பெண்மணியான கிரண் பேடி அரசியல் விஞ்ஞானத்தில் முதுகலைப் பட்டம் பெற்றிருந்தார். பணியிலிருந்தபடியே 1988-இல் சட்டப் பட்டமும், 1993-இல் டில்லி ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டமும் பெற்றார். உள்ளே நுழைய ஒரு படிப்பு, நுழைந்தபின் மனம் தேடிச் செல்லும் படிப்பு வேறொன்று.

முதற்கையேடு குற்றவியல் நீதி பற்றியது. சனி, ஞாயிறு வகுப்புகள். இரண்டு ஆண்டுகளில் முடித்துவிடலாம். பெயரிலேயே குற்றமும் நீதியும் இருப்பதால் போலீஸ்காரருக்கென்றே அளந்து தைத்த சட்டை போலத் தோன்றும். பெரியவரும் அதையே முதலில் எடுத்தார்.

இவ்வகைப் படிப்புக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரப் போலீஸ் தலைவராக இருந்த ஆகஸ்ட் வோல்மர் என்பவர், தாம் அதிகம் பள்ளி சென்றவரல்லர். ஆயினும் 1908-இல் தம் ஆட்களுக்கென ஒரு போலீஸ் பள்ளியைத் தொடங்கி, பல்கலைக்கழகப் பேராசிரியர்களை அங்கே பாடம் நடத்த வரவழைத்தார். அவர் ஊன்றிய வித்து வளர்ந்து, 1950-இல் அப்பல்கலைக்கழகத்திலேயே தனிக் குற்றவியல் கல்லூரியாயிற்று, 1976-இல் மூடவும்பட்டது. இதற்கிடையே 1968 முதல் அமெரிக்க மத்திய அரசு போலீஸாரின் படிப்புக்குக் கடனும் உதவித்தொகையும் அள்ளி வழங்கவே, சிறு கல்லூரிகள்கூடப் போலீஸ் படிப்பு என்று பலகை மாட்டிக்கொண்டன. லாரன்ஸ் ஷெர்மன் என்னும் அறிஞர் ஆய்வுக்குழு ஒன்றுக்காக எழுதி 1978-இல் வெளியான நூல் அப்பலகைகளின் பின்னே எட்டிப் பார்த்தது. பல இடங்களில் பயிற்சி முகாமில் கற்றதையே ஓய்வுபெற்ற அதிகாரிகள் வகுப்பறையில் மீண்டும் சொல்லிக்கொண்டிருந்தனர். சேர்ந்துவிட்டவருக்குப் பட்டம் தேடிக் கொடுப்பதைவிட, கற்றவரைப் படைக்குக் கொண்டுவருவதே மேல் என்பது அக்குழுவின் கருத்து.

இதனால் குற்றவியல் படிப்பே வீண் என்று கொள்ளுதல் தவறு. நல்ல ஆசிரியரிடம் நல்ல முறையில் கற்றால், குற்றம் ஏன் நிகழ்கிறது, தண்டனை எதைச் சாதிக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் வரும். ஆனால் கையேட்டின் பாடப் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்த இன்ஸ்பெக்டருக்கு, பத்தில் ஆறு பாடங்கள் தாம் ஏற்கெனவே பயிற்சி மையத்தில் வியர்வையோடு கற்றவையாகத் தோன்றின. கற்றதைக் கட்டணம் கட்டி மறுபடியும் கற்க அவருக்கு மனமில்லை.

இரண்டாவது வணிக நிருவாகம். நண்பர்கள் பலரும் செய்வது. ஓய்வுபெற்றபின் தனியார் பாதுகாப்பு நிறுவனத்தில் மேலாளராகலாம் என்பது அதன் கவர்ச்சி. அதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது சட்டம். அமலாக்கச் சட்டம் என்றே பெயர்தாங்கிய முதுகலைப் படிப்பும் நம் நாட்டில் உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டமும், 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமும் போலீஸ் அதிகாரியின் இரு கைகள் போன்றவை. இன்ஸ்பெக்டர் தரத்துக்குக் குறையாத அதிகாரி வழக்கை நடத்தவும் சட்டம் இடங்கொடுத்துள்ளது. பெரியவருக்கும் இதில் ஆட்சேபமில்லை. "சட்டம் படிச்சவன்கிட்ட வக்கீல் வாலாட்ட மாட்டான்" என்றார்.

வேறு துறைகளை நோக்கும் இளைஞருக்கு வேறு படிப்புகள் பொருந்தும். 1931-இல் சிகாகோவின் அல் கபோன் சிறை சென்றது துப்பாக்கியாலன்று, வருமான வரிக் கணக்கால். கருவூலத் துறையைச் சார்ந்த பிராங்க் வில்சன் கணக்குப் புத்தகங்களைக் கிளறிக் கிளறியே அவனைப் பிடித்தார். இங்கும் 2001-ஆம் ஆண்டுப் பணமோசடித் தடுப்புச் சட்டம் வந்தபின், ஊழல் தடுப்பு ஆணையத்திலும் வணிகக் குற்றப் புலனாய்விலும் கணக்கியல் கற்றவருக்குள்ள வேலை வேறெவருக்கும் இல்லை. தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துவிட்டுத் தடயவியல் படிக்க ஓடும் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு சொல்: ஆய்வுக்கூடத்தில் இரத்தத்தையும் போதைப்பொருளையும் பகுத்தறிபவர் இரசாயன நிபுணர், அவரே கதவை உடைத்துக்கொண்டு குற்றவாளியைப் பிடிக்கச் செல்வதில்லை. வெள்ளை அங்கி வேண்டுமா, தொப்பி வேண்டுமா என்று முதலில் முடிவு செய்துகொள்வது நலம்.

நான்காவது கையேடு மற்ற மூன்றுக்கும் அடியில் கிடந்தது. பெரியவர் அதை எடுத்து, கண்ணாடியைச் சரிசெய்து படித்தார்.

"மொழியியலா? போலீஸ்காரனுக்கு மொழியியல் எதுக்குடா?"

இன்ஸ்பெக்டர் உடனே மறுமொழி கூறவில்லை. சமையலறையில் அம்மா பாத்திரம் துலக்கும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

1998-இல் நடந்தது அது. அவருக்கு அப்பொழுது எட்டு வயது. தோட்டக் கிடங்கிலிருந்து ஒட்டுப்பால் மூட்டை ஒன்று காணாமற் போயிற்று. ஒட்டுப்பால் என்பது மரத்து மங்கிலும் வெட்டுக்கோட்டிலும் உறைந்து ஒட்டிக்கொள்ளும் பால். நாற்றம் பிடித்தது, ஆயினும் வெளியே அதற்கு விலையுண்டு. மூட்டையை லாரியில் ஏற்றியவர்களுள் அவர் தந்தையும் ஒருவர். அழைத்துச் சென்றார்கள். விசாரித்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. தந்தைக்குக் கடைத்தெரு மலாய்தான் தெரியும். இடையில் யாரோ ஒருவர் மொழிபெயர்த்தார். "மூட்டையை எடுத்தியா?" என்ற கேள்விக்குத் தந்தை, "எடுத்தேன்" என்றார்.

லாரியில் ஏற்றும் மூட்டையை எடுக்காமல் எப்படி ஏற்றுவது?

தமிழில் 'எடுத்தேன்' என்னும் ஒரு சொல் தரையிலிருந்து தூக்கினேன் என்றும் பொருள்படும். எனக்கென எடுத்துக்கொண்டேன் என்றும் பொருள்படும். முகத்துக்கு நேரே திருடினேன் என்று சொல்ல வாய் கூசும்போது அதற்கும் அச்சொல்லே வந்து நிற்கும். மலாயில் தூக்குவதற்கு 'அங்காட்', எடுத்துக்கொள்வதற்கு 'அம்பில்', திருடுவதற்கு 'சூரி' என்று மூன்று தனிச்சொற்கள் உள. அன்று தாளில் விழுந்தது அம்மூன்றில் எது என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தந்தை படிக்கத் தெரியாதவர். காட்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்தார். கைநாட்டு வைத்தாயிற்று, இனி மறுத்து என்ன பயன் என்று நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம் முந்நூறு வெள்ளி. தோட்டத்து வேலையும், வேலையோடு சேர்ந்த வீடும் போயின. அந்த வாரம் தைப்பூசத்துக்கென வாங்கி வைத்திருந்த புதுத்துணியை அம்மா பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவேயில்லை.

அம்மூட்டையை உண்மையில் எடுத்தவர் யார் என்பது இன்றளவும் வெளிப்படவில்லை. தந்தை இறக்கும்வரை அதைப்பற்றிப் பேசும்போதெல்லாம் ஒன்றையே சொல்வார்: "நான் எடுத்தேன்னுதான் சொன்னேன். என்னா எழுதுனாங்கன்னு தெரியல."

பயிற்சியில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆம் பிரிவைப் படித்த நாளில் அந்த மகனுக்கு உறக்கம் வரவில்லை. சாட்சியிடம் பெறும் வாக்குமூலத்தை இயன்றவரை எழுத்தில் வடித்து, அவர் எந்த மொழியில் சொன்னாரோ அந்த மொழியிலேயே படித்துக் காட்டி, திருத்த விரும்பினால் திருத்த வாய்ப்பளித்து, அதன் பின்னரே கையொப்பமோ கைநாட்டோ வாங்கவேண்டும் என்று அப்பிரிவு கூறுகிறது. அன்று குற்றஞ்சாட்டப்பட்டவர் இன்ஸ்பெக்டருக்கு முன் கொடுக்கும் வாக்குமூலம் நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகச் செல்லுபடியாகக்கூடியதாக இருந்தது. 2007-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் அது பொதுவாகச் சான்றாக ஏற்கப்படாத நிலை வந்தது. சட்டம் தன் தவற்றைத் தானே உணர்ந்து திருந்தியது என்றே சொல்லவேண்டும். எனினும் சாட்சிகளின் வாக்குமூலம் நாள்தோறும் எழுதப்படுகிறது. தமிழரிடம் மட்டுமல்ல; வங்காளத் தொழிலாளியிடமும் நேப்பாளக் காவலாளியிடமும் யாரோ ஒருவர் இடையில் நின்று ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்கிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

சட்டம் படித்தால் 112-ஆம் பிரிவு இன்னும் நன்றாக விளங்கும். அதை மீறினால் என்ன விளையும் என்பதும் தெரியும். ஆனால் 'எடுத்தேன்' என்பது எவ்வாறு 'சூரி' ஆகிறது என்பதைச் சட்டக் கல்லூரி கற்பிப்பதில்லை. இன்ஸ்பெக்டரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது அந்த ஒரு கேள்விதான்.

இக்கேள்வியை உலகில் முதலில் கேட்டவர் அவரல்லர். 1950 மார்ச்சில் இலண்டனில் திமோத்தி எவன்ஸ் என்னும் இளைஞன் தன் கைக்குழந்தையைக் கொன்றதாகத் தூக்கிலிடப்பட்டான். அவன் எழுத்தறிவு மிகக் குறைந்தவன். அவன் கொடுத்ததாகக் காட்டப்பட்ட வாக்குமூலங்களே அவனைக் கொண்டு சென்றன. மூன்றாண்டுக்குப் பின், அதே வீட்டில் கீழ்த்தளத்தில் குடியிருந்தவனும், அவ்வழக்கில் அரசுத் தரப்பின் முதன்மைச் சாட்சியுமான கிறிஸ்டி பல கொலைகளைச் செய்தவன் என்பது அம்பலமாயிற்று. 1966-இல் எவன்ஸுக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. வாங்கிக்கொள்ள அவன் இல்லை. 1968-இல் யான் ஸ்வார்ட்விக் என்னும் சுவீடன் நாட்டு மொழியியலறிஞர் அவ்வாக்குமூலங்களின் வாக்கிய அமைப்பை எண்ணி ஆராய்ந்து, சர்ச்சைக்குரிய பகுதிகளின் நடை ஏனைய பகுதிகளின் நடையோடு ஒத்துப்போகவில்லை என்று காட்டினார். சட்ட மொழியியல் என்னும் துறை பிறந்தது அங்கேதான்.

இன்னொருவர் போலீஸ்காரராகவே இருந்தவர். கிஸ்லி குட்யோன்சன், ஐஸ்லாந்துக்காரர். 1970-களின் நடுவில், மாணவராக இருந்துகொண்டே ரெய்க்யவிக் நகரில் துப்பறியும் பணியும் பார்த்தார். ஒரு பெண்ணின் பணப்பையைத் திருடியதாகக் குடிப்பழக்கமுள்ள ஒருவனை விசாரித்தார். நினைவில்லை, ஆனால் நான்தான் எடுத்திருப்பேன் என்று அவன் ஒப்புக்கொண்டான். பிறகு பார்த்தால் பணப்பை திருடே போகவில்லை! அந்த ஒரு வியப்பு அவரை மருத்துவ உளவியலில் முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் அழைத்துச் சென்றது. செய்யாத குற்றத்தை மனிதர் ஏன் ஒப்புக்கொள்கின்றனர் என்பதில் உலகமே மதிக்கும் நிபுணரானார். 1989-இல் விடுதலையான கில்ட்ஃபோர்டு நால்வர் வழக்கிலும், 1991-இல் விடுதலையான பர்மிங்காம் அறுவர் வழக்கிலும் கைதானோரை உளவியல் முறையில் ஆராய்ந்தவர்களுள் அவரும் ஒருவர். அத்தகைய அநீதிகள் வெளிப்பட்ட பின்னரே இங்கிலாந்துப் போலீஸார், மிரட்டி ஒப்புக்கொள்ள வைப்பதை விடுத்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் விசாரணை முறையை 1990-களின் தொடக்கத்தில் கைக்கொண்டனர்.

இதைப் படித்தபோது இன்ஸ்பெக்டருக்கும் உளவியலில் ஆசை பிறந்தது உண்மை. ஆனால் மருத்துவ உளவியலுக்கு முதற்பட்டமே உளவியலில் இருக்கவேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது பதிவுபெற்றுச் செய்யவேண்டிய தொழிலுமாகும். மீண்டும் முதலாண்டு மாணவராக அமர அவருக்கு வயதுமில்லை, விடுப்புமில்லை. தம்மிடம் இருப்பது என்ன என்று எண்ணிப் பார்த்தார். தமிழ் இருந்தது, பல்கலைக்கழகத்தில் கற்ற இலக்கணம் இருந்தது, பத்தாண்டு வாக்குமூலம் எழுதிய கை இருந்தது. யாவரும் வீண் என்று நகைத்த அந்த முதற்பட்டம் இப்பொழுதுதான் தன் பயனைக் கேட்டு நின்றது.

தகுதி முகமையின் பட்டியலில் அப்படிப்பு இடம்பெற்றுள்ளதா என்று பார்த்துவிட்டார். வகுப்பு நேரமும் கட்டணமும் விசாரித்துவிட்டார். வழக்குக் கோப்புகளைத் தம் ஆய்வுக்கென எடுத்துக்கொள்ள முடியாது, மேலிடத்து அனுமதி வேண்டும், அது கிடைக்காமலும் போகலாம் என்பதும் தெரியும். எஞ்சியிருந்தது சித்தப்பாவிடம் சொல்வது ஒன்றுதான். அண்ணன் வழக்கைப் பற்றி அவர்கள் இருவரும் அதுவரை பேசியதில்லை. பெரியவர் அக்காலத்தில் ஜொகூரில் பணியிலிருந்தார். தகவல் எட்டுமுன் எல்லாம் முடிந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் சொல்லி முடித்தார். அங்காட், அம்பில், சூரி என்ற மூன்று சொற்களையும் கையேட்டின் ஓரத்தில் தமிழெழுத்தில் எழுதிக் காட்டினார். பெரியவர் அவற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் பேசிக் குடுத்திருக்கேன், தம்பி" என்றார் கடைசியில். "ஸ்டேசன்ல தமிழ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். நம்ம ஆளுங்க அழுதுகிட்டே மூச்சு விடாம பேசுவாங்க. அதிகாரி, என்ன சொல்றான்னு கேப்பாரு. அவங்க பத்து வார்த்தை பேசினா நான் ரெண்டு வார்த்தையில முடிச்சிடுவேன்."

"எந்த ரெண்டு வார்த்தை, சித்தப்பா?"

"வாயில வந்ததுதான். வெளியில இன்னும் நாலு பேரு காத்திருப்பாங்க."

அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேளாமல் உள்ளே திரும்பினார். பெரியவர் தேநீரைத் தொடவில்லை. நான்காவது கையேட்டைக் கண்ணுக்குச் சற்றுத் தொலைவில் பிடித்துக்கொண்டு, கடைசிப் பக்கத்தில் கட்டண விவரத்தைத் தேடினார்.

"இதுக்கு எவ்வளவு கட்டணும்?"

இன்ஸ்பெக்டர் தொகையைச் சொன்னார்.

"பாதி நான் தர்றேன்" என்றார் பெரியவர். பின்னர் குரலைத் தாழ்த்தி, "எங்கிட்ட கேட்டு எழுதணும்னா எழுதிக்க. ஞாபகம் இருக்கிறதெல்லாம் சொல்றேன். பேரை மட்டும் போடாதே" என்றார்.